பெரட்டுக்கு நேரமாச்சு

தன் வீட்டுக்காரர் ஒரு மேதை என்பது சுகந்தினிக்குக் கலியாணமாகிப் பதினாறு வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது. அதுவரை அவரைத் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர், ஈரத் துவாயைக் கட்டிலில் போடுகிறவர், கிறிஸ்மசுக்கு மட்டும் சேர்ச்சில் கிட்டார் வாசிக்கிறவர் என்ற அளவில்தான் அறிந்திருந்தாள். மகள் ஜெனிற்றா ஒரு நாள் போனை நீட்டி, "அம்மா, அப்பாவ ஆயிரக்கணக்கான பேரு தேடுறாங்க" என்றபோது, லொறியைக் கொண்டுபோய் எதிலோ மோதிவிட்டார் என்றுதான் நினைத்தாள்.

மோதவில்லை. இளவயதில் செய்த ஒரு காரியம் திரும்பி வந்து நின்றது, அவ்வளவுதான்.

2004ஆம் ஆண்டு ஓப்பநாயக்கவுக்கு மேலே அந்தத் தோட்டத்தில் மூன்று இளைஞர்கள் ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். பெயர் தொங்கல் வீடு. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தின் கடைசி வீட்டைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கடைசி வீட்டுக்கு ஒரு பக்கம்தான் அயலவர், ஆகவே திட்டும் ஒரு பக்கமிருந்துதான் வரும் என்று அங்கே பயிற்சி செய்தார்கள். ரொபர்ட் பாடினார், கிட்டார் வாசித்தார். கிருஷ்ணகுமார் டிரம்ஸ். கொடகவெலக் கடைத்தெருவில் தகப்பனின் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த மஷூர் பேஸ் கிட்டார். ஒன்பது பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தார்கள். மஷூர் முந்நூறு சீடி அடித்துக் கடையில் குடைகளுக்கும் கொப்பிகளுக்கும் நடுவில் அடுக்கி வைத்தான். நாற்பத்தொன்று விற்றது. மீதியை ரேடியோ வாங்குகிறவர்களுக்குச் சும்மா கொடுத்தான். சிலர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு பேட்டரி கேட்டார்கள்.

பிறகு யாரோ ஒரு புண்ணியவான் அதை யூடியூபில் ஏற்றினான். இப்போது அது "மலையகத்தின் முதல் ஒல்டர்நேட்டிவ் ரொக் அல்பம்". இரண்டாவது என்று ஒன்று இன்றுவரை வராதபடியால் அந்தப் பட்டத்துக்குப் போட்டியில்லை. பேஸ்புக்கில் அதற்கு ஒரு ரசிகர் குழு, பதினோராயிரம் பேர். அல்பம் வெளிவந்தபோது பாதிப்பேர் பிறந்திருக்கவே இல்லை. கொழும்பிலும் டொரொண்டோவிலும் இருந்துகொண்டு, தேயிலைச் செடியைத் தேத்தண்ணீர்க் கோப்பையில் மட்டுமே சந்தித்த பிள்ளைகள், "என் வாழ்க்கையை அப்படியே பாடியிருக்கிறார்" என்று எழுதினார்கள்.

பாட்டுகள் முழுக்கப் பின்னணியில் ஒரு 'ஊம்' என்ற இரைச்சல் கேட்கும். அது இயந்திரமயமான உலகின் மௌன ஓலம் என்று ஒருவர் நாலு பக்கம் எழுதியிருந்தார். அது காற்றாடி. ரொபர்ட்டின் தகப்பன் அல்பிரட் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை பார்த்தார். கொழுந்து வாட்டுகிற மேல்மாடியை ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களுக்குத் திறந்துவிட்டார். சனிக்கிழமைக் கொழுந்து வாட வேண்டுமே, காற்றாடியை நிறுத்த முடியாது. மூன்றாவது கம்பி சுருதி சேராமல் ஒலிப்பது அதிகாரத்துக்கு எதிரான மறுப்பு என்று ஒரு விரிவுரையாளர் கண்டுபிடித்திருந்தார். அந்தக் கம்பி அறுந்துபோய், அளவு மாறிய வேறொன்றைப் போட்டு வாசித்தது சுகந்தினிக்குத் தெரியும். இரத்தினபுரி வரை போய்ப் புதுக் கம்பி வாங்கப் பஞ்சி, சோம்பல்தான்.

எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை தலைப்புத்தான். அல்பத்தின் பெயர் பெரட்டு. தோட்டத்தில் விடியற்காலை ஆட்களைக் கூட்டி, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, இன்றைக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்து அனுப்புவார்களே, அதுதான் பெரட்டு. 'பரேட்' என்று வெள்ளைக்காரன் சொன்னதைத் தோட்டத்து நாக்கு தனக்கு வசதியாக மடக்கிக்கொண்டது. இது தெரியாத கொழும்பு ரசிகர்கள், பெரட்டு என்றால் எல்லாவற்றையும் புரட்டிப் போடுவது, கிளர்ச்சி என்று முடிவு கட்டினார்கள். போதாக்குறைக்கு, தமிழ் நன்றாகப் படித்த ஒருவர் அதை எழுத்துப்பிழை என்று திருத்தியும் விட்டார். இருபதாண்டு நிறைவுக்கு அடித்த டீ சேர்ட்டில் நெஞ்சுக்குக் குறுக்கே கொட்டை எழுத்தில் 'புரட்டு' என்று இருந்தது. புளுகு, பித்தலாட்டம் என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் அந்த அல்பத்தைப் பற்றி வந்த ஒரே நேர்மையான விமர்சனம் அந்தத் திருத்தம்தான் என்று சுகந்தினி நினைத்துக்கொண்டாள்.

அவள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் பொறுப்பாளர். அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது விட்டுச் செல்லும் இருபத்திரண்டு குழந்தைகளை நாள் முழுக்கப் பார்க்கிறவளுக்குப் பதினோராயிரம் ரசிகர்களின் அழுகை பெரிதாகப் படவில்லை. ஆனாலும் ஒரு தடவை, குவைத்தில் வீட்டுவேலை செய்யும் பதுளைப் பெண் ஒருத்தி எழுதியதைப் படித்தாள். 'சமையலறைக் கதவைச் சாத்திக்கிட்டு நாலாவது பாட்டு கேக்குறேன். அது முடியுற வரைக்கும் இந்த வீட்டுல யாரும் என்னய கூப்பிட முடியாது.' அதைப் படித்த அன்று சுகந்தினியால் கேலி செய்ய முடியவில்லை. பிள்ளைகளின் நாப்கினை உதறிக் காயப்போட்டபடி நாலாவது பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தாள். நல்ல பாட்டுத்தான். இதை ரொபர்ட்டிடம் சொல்ல அவளுக்குப் பைத்தியமா என்ன.

அவளைக் குடைந்தது ஒன்பதாவது பாட்டு.

அந்தப் பாட்டு முடிவதில்லை. நாலாவது நிமிடத்தில், கிட்டார் உச்சத்துக்கு ஏறும்போது, தூரத்தில் ஒரு பெண்ணின் குரல் கேட்கும். "பெரட்டுக்கு நேரமாச்சு. வர்றீங்களா இல்லையா?" உடனே வாசிப்பு நின்றுவிடும். கிட்டாரைப் பலகையில் கிடத்துகிற 'டொம்' சத்தம். ஒலிபெருக்கி நாற்பது விநாடி தனியாக ஊளையிடும். அத்தோடு அல்பம் சரி.

அந்த நாற்பது விநாடிக்காகவே ரசிகர்கள் உயிரை விட்டார்கள். அந்தக் குரல் யாருடையது? பழைய ஆவணப்படம் ஒன்றிலிருந்து வெட்டி எடுத்தது என்றான் ஒருவன். ஆவி என்றான் இன்னொருவன். முதலாளித்துவம் பெண் குரலில் பேசுகிறது என்றார் முன்னே சொன்ன விரிவுரையாளர்.

முதலாளித்துவம் அப்போது மெட்டில்டா டீச்சரிடம் தையல் பழகிக்கொண்டிருந்தது. வயது இருபது. கையில் ஒரு ஸ்கூல் பேக், அதற்குள் இரண்டு சேலை, ஓஎல் பரீட்சைச் சான்றிதழ், ஒரு சவர்க்காரக்கட்டி.

சுகந்தினியின் அப்பா மூக்கையா அந்தத் தோட்டத்துக் கங்காணி. ஆட்களை வேலைக்கு நிறுத்தி மேய்க்கிறவர். மகளுக்குக் கொடகவெலப் பக்கம் ஒரு ஆபிஸ் கிளாக்கரைப் பேசி, திங்கட்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தார். ரொபர்ட்டோ வேதக்காரப் பையன். கேட்டால் கிடைக்காது, கேட்காமலும் கிடைக்காது. இரண்டு பேரும் சந்திப்பது பெரட்டுக்களத்தில். காலையில் முந்நூறு பேர் நிற்கிற அந்த இடம் சாயங்காலம் நாலு மணிக்கு நாய்கூட இல்லாமல் வெறிச்சோடிக் கிடக்கும். ஆகவே அவர்களுக்குள் பெரட்டு என்றால் சந்திப்பு. "நாளைக்கி பெரட்டு இருக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கலாம், ஒருவருக்கும் சந்தேகம் வராது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்டோர் மேல்மாடிப் படியேறி வந்து அந்தச் சொல்லைத்தான் சொன்னாள். ஆனால் பையைக் கொண்டுவந்திருந்தாள். ரொபர்ட் பையைப் பார்த்தார், கிட்டாரைக் கீழே வைத்தார். அடுத்த பஸ்ஸில் இரண்டு பேரும் ரம்புக்கனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே மஷூரின் மாமா ஒருவர் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தார். மூன்று மாதம் ரொபர்ட் சீமெந்து மூட்டை இறக்கினார்.

தொங்கல் வீடு அத்தோடு இழுத்து மூடப்பட்டது. கிருஷ்ணகுமார் கட்டாருக்குப் போய்விட்டார். இரண்டு பேரும் தோட்டத்துக்குத் திரும்பி வந்த அன்று மூக்கையா குடையை எடுத்து மருமகனை விளாசினார். பிறகு பேத்தி பிறந்ததும் மகளோடு பேசினார், பேத்தியோடு கொஞ்சினார். மருமகனோடு மட்டும் இருபது வருடமாக நேரே ஒரு வார்த்தை கிடையாது. "அந்த கிட்டார்க்காரன சாப்பிடச் சொல்லு" என்று, மேசைக்கு எதிரே இருக்கிறவருக்கு மகள் வழியாகச் செய்தி அனுப்புவார். மூக்கையா மகளை ரொபர்ட் இழுத்துக்கொண்டு போய்விட்டான் என்பதுதான் தோட்டம் அறிந்த கதை. அதை யாரும் மாற்றவில்லை.

இருபதாண்டு நிறைவை ஒட்டிக் கொழும்பிலிருந்து ஆதிப் என்ற இளைஞன் ரொபர்ட்டைப் போனில் பிடித்தான். அல்பத்தை மறுபடி வெளியிடப் போகிறானாம். ரொபர்ட் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். சுகந்தினி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒரே ஒரு கேள்வி. எல்லாரும் கேட்டுக் கேட்டு என்னய கொல்றாங்க. கடைசிப் பாட்டுல அந்த லேடி யாரு?"

துருவல் நின்றது.

"அதா..." என்றார் ரொபர்ட். "ஞாபகமில்ல தம்பி. யாராவது ரோட்டுல போனவங்களா இருக்கும்."

அன்றைக்குச் சம்பலில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. ரொபர்ட் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல இருந்தது.

"மேல்மாடியில ரோடு போகுதா என்ன?" என்று கேட்டாள் சுகந்தினி.

"எந்த மேல்மாடி?"

"ஞாபகமில்லையா? பாவம். வயசாகுது."

"சுகந்தி, அது சும்மா பேச்சுக்கு..."

"இல்ல, கேக்குறேன். ரோட்டுல போன பொம்பள ஒருத்தி உங்களுக்கு இருபது வருஷமா சோறாக்கிப் போடுறாளே, அவ பேராவது ஞாபகம் இருக்கா?"

ரொபர்ட் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு லொறிக்கு டயர் பார்க்கப் போனார். டயரில் ஒன்றுமில்லை.

மறுநாள் ஜெனிற்றாவின் போனை வாங்கி அந்தக் குழுவை அடி முதல் முடி வரை கிளறினாள். ஓரிடத்தில் ஒருவன் எழுதியிருந்தான்: 'அந்தப் பெண் மட்டும் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் இரண்டாவது அல்பம் வந்திருக்கும். ஒரு மேதையை ஒரு பெண் முடித்துவிட்டாள்.' அறுநூறு பேர் அதற்கு விருப்பம் போட்டிருந்தார்கள். அறுநூறு பேரைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அந்த வரிசையில் ஒரு சிவப்பு இதயமும் இருந்தது. போட்டவர் ரொபர்ட் அல்பிரட்.

சுகந்தினி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்காம்பராவுக்கு நடந்தாள். மேதையின் மனைவிமார் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிப் பார்த்தும் எடுபடவில்லை. கலியாணமான நாளிலிருந்து அவள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி ஒன்றுதான். அந்தக் கிட்டாரைக் கீழே வைத்ததற்காக இந்த மனுஷன் வருத்தப்படுகிறாரா? சீமெந்து மூட்டை இறக்கும்போதும் கேட்கவில்லை, லொறி ஸ்டியரிங் பிடிக்கும்போதும் கேட்கவில்லை. இப்போது பதில் கேட்காமலே கிடைத்துவிட்டது. இதய வடிவத்தில்.

ஆதிப் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கினான். கூடவே பதினைந்து ரசிகர்கள், அத்தனை பேர் நெஞ்சிலும் 'புரட்டு'. ஸ்டோர் மூடி ஐந்து வருடமாகிறது, கொழுந்து இப்போது ரொபர்ட்டின் லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகிறது. அந்த வெறும் மேல்மாடியிலேயே, ஒலிப்பதிவு செய்த அதே இடத்தில், அல்பத்தை முழுதாகப் போட்டுக் கேட்பதுதான் நிகழ்ச்சி. தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கி, பலகையைக் கூட்டி, நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பெண் பிள்ளை படியேறி வந்ததும் குனிந்து தரைப் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த இடத்தில் எலி செத்துக் கிடந்ததைக் காலையில்தான் ஜெனிற்றா அள்ளிப் போட்டிருந்தாள்.

மூக்கையாவும் வந்தார். எழுபத்தெட்டு வயதில் அவருக்கு ரொக் இசையில் நாட்டம் பிறந்துவிடவில்லை. பிளேன்டீயும் கேக்கும் உண்டு என்று பேத்தி சொல்லியிருந்தாள். முன்வரிசை நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ரொபர்ட் கூச்சத்தோடு சுவர் ஓரம் நின்றார். சுகந்தினி தட்டோடு சுற்றி வந்தாள்.

"அக்கா, அண்ணனோட வாழ்றது எப்படிங்க இருக்கும்?" என்று ஒரு பையன் கண் விரியக் கேட்டான்.

"குறட்டை விடுவாரு" என்றாள் சுகந்தினி. "அதுலயும் மூணாவது கம்பி சுருதி சேராது."

அவன் அதைக் குறித்துக்கொண்டான்.

பாட்டுகள் தொடங்கின. ரசிகர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள், நாலாவது பாட்டுக்கு இரண்டு பேர் அழுதார்கள். மூக்கையா மூன்றாவது பாட்டிலேயே தூங்கிவிட்டார். வாய் திறந்திருந்தது, கையில் பாதிக் கேக். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாவது ஏறத் தொடங்கியபோது சுகந்தினி தட்டை வைத்துவிட்டுப் படியோரம் ஒதுங்கினாள். வேலையைப் பார்த்துக்கொண்டு கீழே போய்விடுவது என்று ஒரு காலை எடுத்தும் வைத்தாள்.

"பெரட்டுக்கு நேரமாச்சு. வர்றீங்களா இல்லையா?"

மூக்கையா துள்ளி எழும்பினார். நாற்பது வருடம் அந்தச் சொல்லுக்கு எழும்பிப் பழகிய உடம்பு. கேக் கீழே விழுந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். அதே நேரம் ஒலிபெருக்கி ஊளையிட்டது, நாற்பது விநாடியும் ஒருவரும் மூச்சு விடவில்லை, பக்தி அப்படி.

ஊளை நின்றதும் அவர் கேட்டார்: "சுகந்தி, என்னயவா கூப்பிட்ட?"

"நான் கூப்பிடலியேப்பா."

"இப்ப கேட்டுச்சே." ஆதிப்பைத் திரும்பிப் பார்த்தார். "அத இன்னொருக்கா போடு தம்பி."

ஆதிப் போட்டான். மூக்கையா தலையைச் சாய்த்துக் கேட்டார். மலையில் எந்தச் செடிக்குப் பின்னால் யார் கதைத்தாலும் குரலை வைத்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர்.

"இது எங்க சுகந்தி தொண்டை" என்றார். "கரகரப்பு அப்படியே அவ அம்மா."

பதினைந்து பேரும் சுகந்தினியைத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருட ஆராய்ச்சி அரை நிமிடத்தில் முடிந்துவிட்டதை ஏற்றுக்கொள்வது அவர்களுக்குச் சுலபமாக இல்லை.

"இது எப்ப புடிச்சது?" என்றார் மூக்கையா.

ஆதிப்புக்கு மனப்பாடம். "ரெண்டாயிரத்து நாலு, ஒக்டோபர் பத்து. ஞாயித்துக்கெழம. சீடி கவர்ல இருக்கு அங்கிள்."

"ஞாயித்துக்கெழம ஏது தம்பி பெரட்டு?"

முதலாளித்துவத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதை அந்த விரிவுரையாளர் யோசித்திருக்கவில்லை. மூக்கையா விரல் மடக்கினார். "பத்தாந்திகதி ஞாயிறு. மறுநாள் திங்கக்கெழம அந்த கிளாக்கர் வீட்டுக்காரங்க வந்தாங்க. வந்து பாத்தா பொண்ணு இல்ல." விரலை அப்படியே நிறுத்திவிட்டுச் சுவரோரம் பார்த்தார். இருபது வருடத்தில் முதல் தடவையாக மருமகனிடம் நேரே பேசினார்.

"டேய். இவளா வந்து ஒன்னய கூப்பிட்டா?"

ரொபர்ட் சுவரோடு ஒட்டினார். "இல்லீங்க மாமா. அது... அது வேற ஒரு பொண்ணு."

ஜெனிற்றா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேற பொண்ணா?" என்றாள் சுகந்தினி. படியில் வைத்த காலைத் திருப்பி எடுத்துக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்தாள். "எந்தப் பொண்ணு? ரோட்டுல போனவளா? அப்பா, அது நான்தான். நான்தான் பையத் தூக்கிட்டு வந்து கூப்பிட்டேன். இவரு கிட்டார்ல கம்பி எண்ணிகிட்டு இருந்தாரு. நான் வராட்டி இன்னும் எண்ணிகிட்டுத்தான் இருப்பாரு." பிறகு ரொபர்ட்டின் பக்கம் திரும்பினாள். இத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதெல்லாம் மறந்துபோயிருந்தது. "என்னய சொல்றதுக்கு வெக்கமா இருந்தா வெக்கமா இருக்குன்னு சொல்லுங்க. ஞாபகமில்லன்னு எதுக்கு சொல்றீங்க?"

"வெக்கமா?" ரொபர்ட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. அபூர்வமான காட்சி. "அன்னைக்கி உங்கப்பா கொடையத் தூக்கிட்டு நிக்கிறப்ப நீ என்னா சொன்ன? 'நான் மாட்டேன்னுதாம்ப்பா சொன்னேன், இவருதான் இழுத்துட்டு போனாரு'ன்னு சொன்னியா இல்லியா?"

சுகந்தினி சொன்னாள்தான். குடையைப் பார்த்த பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். சொன்னதை அன்றைக்கே மறந்தும் போனாள். அடி வாங்கியவர் மறக்கவில்லை.

"அதத்தான் இருபது வருஷமா காப்பாத்திகிட்டு வர்றேன்" என்றார் ரொபர்ட். "இதுல இருக்குறது நீன்னு சொன்னா, யாரு யார கூப்பிட்டதுன்னு ஊருக்கே தெரிஞ்சி போகும். உங்கப்பா காதுக்கும் வரும். நாளைக்கி உன்னய பத்தி ஏதாவது பேசுவாங்க. என்னயத்தான் ஏற்கனவே பேசிட்டாங்களே, ஆளு ஒண்ணு போதும்னு இருந்துட்டேன்."

"அப்ப அந்த ஹார்ட்டு?"

"எந்த ஹார்ட்டு?"

"ஒரு பொம்பள மேதைய முடிச்சிட்டான்னு ஒருத்தன் எழுதுனானே. அதுக்குப் போட்டீங்களே."

ரொபர்ட் முழித்தார். "வாசிச்சிட்டேன்னா அத அமத்தணும்னு ஜெனிதானே சொன்னா?"

"ஐயோ அப்பா, அது மெசேஜுக்கு!" என்றாள் ஜெனிற்றா. "அதான் அந்தோனி மாமா மரண அறிவித்தலுக்கும் ஹார்ட்டு போட்டு வச்சிருந்தீங்களா?"

மூக்கையா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் ஆள் மாறி அடிச்சிட்டேன்" என்றார் கடைசியில். "நல்ல கொட. ரெண்டு கம்பி வளைஞ்சிருச்சி." பிறகு, "மாப்புள, நின்னுகிட்டே இருக்கியே. இப்புடி ஒக்காரு" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

ரொபர்ட் உட்கார்ந்தார். எந்த மேடையிலும் அவர் அப்படி நடுங்கி உட்கார்ந்திருக்கமாட்டார்.

ஆதிப் மெல்ல அருகே வந்தான். தன் வாழ்நாளின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு ஒரு குடும்பச் சண்டையாக முடிந்ததில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம், அதைவிட அதிகம் சந்தோசம். "அக்கா, புது சீடியில உங்க பேரப் போடணும். குரல், சுகந்தினி ரொபர்ட். சரிதானே?"

"அதெப்புடி?" என்றார் மூக்கையா. "அன்னைக்கி இவ கட்டல. அன்னைக்கி இவ எம் மக. சுகந்தினி மூக்கையான்னு போடு."

"மாமா சொல்றதுதான் சரி" என்றார் ரொபர்ட் அவசரமாக. இருபது வருடத்தில் கிடைத்த முதல் நாற்காலியை இழக்க அவர் தயாராக இல்லை.

"அங்கிள், அப்ப பெரட்டுன்னா கிளர்ச்சி இல்லையா?" என்று ஒரு பையன் பரிதாபமாகக் கேட்டான்.

"காலையில நேரத்தோட வந்து வரிசையில நிக்கிறது தம்பி" என்றார் மூக்கையா. "பிந்தி வந்தா திருப்பி அனுப்பிருவேன்."

பையன் தன் டீ சேர்ட்டைக் குனிந்து பார்த்தான். பிறகு ஜெர்சியை எடுத்து மேலே போட்டுக்கொண்டான். குளிர் ஒன்றும் பெரிதாக இல்லை.

வான் போனபோது மணி நாலரை. ஜெனிற்றா தாத்தாவைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். நாற்காலிகளை அடுக்கிவிட்டு இரண்டு பேரும் ஸ்டோர் ரோட்டில் இறங்கினார்கள். ரப்பர் மரங்களுக்குக் கீழே மழை ஈரம் இன்னும் காயவில்லை. கேள்வி கேட்பதற்கு இத்தனை வருடம் பொறுத்தவளுக்கு இந்தக் கால் மைல் பொறுக்க முடியவில்லை.

"உண்மைய சொல்லுங்க. கவலையா இருக்கா?"

"எதுக்கு?"

"கிட்டார கீழ வச்சதுக்கு. இத்தன பேரு வந்து அழுகுறாங்க. வாசிச்சிகிட்டே இருந்திருந்தா இன்னும் எத்தனையோ செஞ்சிருப்பீங்க."

ரொபர்ட் உடனே பதில் சொல்லவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. உடனே 'இல்லை' என்றிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

"மொதல்ல இருந்திச்சு" என்றார். "ரம்புக்கனையில. ஸ்டேசன்ல கோச்சி போறப்பல்லாம் ஏறிப் போயிருவமான்னு இருக்கும். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்." கொஞ்ச தூரம் நடந்தார். "ஆனா இன்னைக்கி நின்னு முழுசா கேட்டேன்ல. அந்த எட்டு பாட்டும் எனக்கு கேக்க முடியல சுகந்தி, கூச்சமா இருக்கு. இருபத்திமூணு வயசுல எல்லாம் தெரிஞ்ச மாதிரி கத்தி வச்சிருக்கேன். சாவப் பத்தி ஒரு பாட்டு. எவன் செத்தான் அப்ப? ஒம்பதாவதுல நீ பேசுவ பாரு, அந்த எடத்துலதான் எனக்கு மயிர் கூச்செறியுது. அத நான் எழுதவும் இல்ல, பாடவும் இல்ல."

சுகந்தினி முகத்தை ரப்பர் மரங்களின் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அப்ப அந்த எட்டையும் எடுத்துறச் சொல்லுங்க ஆதிப்கிட்ட" என்றாள். "என்னோடது மட்டும் போதும்."

"சொல்லிப் பாக்குறேன்." சிரித்தார். பிறகு ஏதோ நினைத்தவராக, "நான் ஒண்ணு கேக்கவா? அன்னைக்கி நான் வரலன்னு சொல்லியிருந்தா என்னா செஞ்சிருப்ப?"

"கிருஷ்ணகுமார கேட்டிருப்பேன்."

ரொபர்ட் அப்படியே நின்றுவிட்டார். "அவனையா?"

"அவருதானே அடுத்தாப்புல நின்னாரு. பையையும் தூக்கிட்டு வந்தாச்சு, சும்மாவா திரும்பிப் போறது? தாளமாவது நேரத்துக்கு போடுவாரு."

"சுகந்தி! வெளையாடாத. உண்மையாவா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இறக்கத்தில் வேகமாக நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் ஓடி வருவது கேட்டது.